அரிசி இருக்கிறது, குழம்புக்கு என்ன வழி? தமிழ்நாட்டில் ரேஷனும் பசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதியில் குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்க, பெயர் சேர்க்க, பெயர் நீக்க வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். படிவத்துக்கு ஆகும் நேரத்தைவிடச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஆகும் நேரம்தான் அதிகம். கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அளவும் விலையும் அரசாணைகளால் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே கடையின் தகவல் பலகையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பட்டினி என்று யாராவது இருக்கிறார்களா? அரிசியைத்தான் சும்மா கொடுக்கிறார்களே?

நாள் முழுக்க ஒரு கவளமும் இல்லாமல் கிடக்கும் பட்டினி இங்கே பெரிதும் குறைந்துவிட்டது என்பது உண்மை. 2011 ஜூன் முதல் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்பு 2008 செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய். உலை வைக்க அரிசி இல்லை என்று அக்கம்பக்கத்தில் கடன் கேட்டுப் போன காலத்தை இன்றைய பாட்டிமார்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வயிறு நிறைவதும் உடம்புக்கு வேண்டியது கிடைப்பதும் ஒன்றல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. அரிசி தாராளமாகக் கிடைக்கும் மாநிலத்தின் கணக்கு இது. இன்றைய பசியைத் தேடினால் அரிசிப் பானையில் தென்படாது. பருப்பு டப்பாவிலும், காய்கறிக் கூடையிலும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணின் தட்டிலும்தான் தென்படும்.

எனக்கு மாதம் எத்தனை கிலோ வர வேண்டும்? கடைக்காரர் சொல்லும் கணக்கு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

முதலில் அட்டையில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்த்யோதயா, அதாவது மிக வறிய குடும்பம். என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற குடும்பம். அதோடு எஸ் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் சர்க்கரை அட்டை, என்.சி. என்று சேர்ந்திருந்தால் பொருளில்லா அட்டை. சர்க்கரை அட்டைக்கு அரிசிக்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை உண்டு. பொருளில்லா அட்டைக்கு எதுவும் கிடையாது.

அந்த்யோதயா அட்டைக்கு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ. ஆறு பேர் இருந்தால் 30 கிலோ. சின்னக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கால் பழைய அளவைவிடக் குறையும் என்பதால், பழைய அளவையே மாநில அரசு காப்பாற்றித் தருகிறது. முன்னுரிமையற்ற அட்டைக்கு ஆள்கணக்கைப் பொறுத்துக் குறைந்தது 12, அதிகபட்சம் 20 கிலோ. சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ, அட்டைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் இல்லை. கோதுமை வாங்கினால் அந்த அளவு அரிசியில் கழியும். மாதத்துக்கு மாதம் கணக்கு மாறுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கோதுமைதான் காரணம்.

அட்டையில் என்.பி.எச்.எச். என்று போட்டிருக்கிறார்கள். நாங்கள் பணக்காரர்கள் என்று அர்த்தமா?

இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்தது. தமிழ்நாட்டில் கிராமப்புற மக்களில் 62.55 சதவீதம் பேரும் நகர்ப்புற மக்களில் 37.79 சதவீதம் பேரும்தான் அதற்குள் வர முடியும். சென்னையில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் பெண் முன்னுரிமையற்றவராகவும், ஓரளவு நிலம் வைத்திருக்கும் குடும்பம் முன்னுரிமை பெற்றதாகவும் இருப்பதை நானே பார்க்கிறேன். அந்தக் குறியீட்டை வைத்து யாருடைய அடுப்படியையும் எடைபோட முடியாது.

தமிழ்நாடு அந்தச் சட்டத்தை உடனே ஏற்காமல் 2016 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைப்படுத்தியது. அப்போதும் வரம்புக்கு வெளியே நின்றவர்களுக்கான அரிசியை நிறுத்தவில்லை. அந்தச் செலவை மாநிலமே ஏற்றுக்கொண்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்னுரிமைக் குடும்பத்துக்கு அரிசி சட்டம் தந்த உரிமை. உங்களுக்கு அது மாநில அரசின் முடிவு. கையில் வாங்கும்போது வித்தியாசம் தெரியாது. பின்னால் வரும் சில கேள்விகளில் தெரியும்.

அந்த்யோதயா அட்டைக்கு மாற்ற முடியுமா? 35 கிலோ வந்தால் நிம்மதியாக இருக்கும்.

விண்ணப்பிக்கலாம். நிலமற்ற கூலித் தொழிலாளர், ஆதரவற்ற கைம்பெண்கள், தீராத நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், துணையில்லாத முதியோர், தொல்பழங்குடியினர் போன்றோரின் குடும்பங்களுக்கான அட்டை அது. எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் இடம் காலியாகும்போதுதான் புதியவர்களைச் சேர்ப்பார்கள். வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குடும்பம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பேர் இருந்தால் முன்னுரிமை அட்டையில் 40 கிலோ வரும், அந்த்யோதயாவில் 35தான். அது உங்களுக்கு லாபமில்லை.

பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இது எந்த மூலைக்கு?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நாலு பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் ரேஷன் தருகிறது. மீதியைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும், அல்லது இல்லாமலே நாளை ஓட்ட வேண்டும். பல வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான். சாம்பார் நீர்த்துப்போகிறது, ரசம் தினப்படியாகிறது.

அரிசிக் கணக்கும் நாம் நினைப்பதுபோல் பெரிதல்ல. நாலு பேருக்கு 20 கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 166 கிராம், ஏறத்தாழ 580 கலோரி. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 2,000 கலோரிக்கு மேல் வேண்டும். ரேஷன் குடும்பத்தின் மொத்தச் சாப்பாடு அல்ல; மளிகைச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவது. அப்படி மிச்சமாகும் பணம் பருப்புக்குப் போகிறதா, வாடகைக்குப் போகிறதா, வட்டிக்குப் போகிறதா என்பதில்தான் அந்த வீட்டின் சாப்பாடு இருக்கிறது.

"பருப்பு வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்கிறார். அடுத்த மாதம் இரண்டு கிலோ தருவாரா?

அரசு அறிவித்தால் மட்டும். 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு வந்து சேரவில்லை. அந்த மாதப் பொருளை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது, கொடுக்கவும் செய்தார்கள். அப்படி அறிவிப்பு இல்லாவிட்டால் மாதம் முடிந்ததும் ஒதுக்கீடும் முடிந்துவிடும். எனவே கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

முன்பு சொன்ன உரிமை வித்தியாசம் இங்கே வருகிறது. முன்னுரிமைக் குடும்பத்துக்கு உரிய தானியம் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்று பணம் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 8ஆம் பிரிவு. பருப்பும் எண்ணெயும் 2007இல் தொடங்கிய மாநிலத்தின் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வருபவை. அவற்றுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. குடும்பத்துக்கு மிகவும் தேவைப்படும் பொருளுக்குத்தான் சட்டத்தின் பிடிமானம் இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

டீத்தூள், சோப்பு வாங்கினால்தான் சர்க்கரை என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். அவை விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதிகாரிகள் பலமுறை அறிவுறுத்தியிருக்கிறார்கள்.

அரிசியில் வேறு மாதிரி மணிகள் கிடக்கின்றன. களைந்தால் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசியா?

இல்லை. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து மணிபோலவே வார்த்து, நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண அரிசியோடு கலந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, 2023 ஏப்ரல் முதல் மாநிலம் முழுக்கக் கொடுத்தார்கள். மிதக்கிறது என்று பொறுக்கி எறிந்தால் சத்தை எறிகிறீர்கள். நிறைய தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் கொஞ்சம் போய்விடும்.

தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு வீட்டில் யாருக்காவது இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, ரத்தசோகைக்கு இந்த மணிகள் மட்டுமே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கீரையும் பயறும் முட்டையும் வாங்க முடியாத குறையை அரிசிக்குள் மறைத்துவிட முடியாது.

அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே அழிந்துவிட்டது. பொருள் கிடையாதா?

கைரேகை விழாததற்காகப் பொருளை மறுக்கக் கூடாது. அட்டையில் பெயருள்ள யார் வந்து விரல் வைத்தாலும் போதும். தனியாக இருப்பவர் என்றால் கண் கருவிழிப் பதிவு இருக்கிறது. பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் கடையில் கிடைக்கும் படிவத்தை நிரப்பி, தமக்குப் பதிலாக வாங்க ஒருவரை நியமிக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வண்டியில் பொருள் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

மாமியார் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம், ஆனால் சமையல் தனி. தனி அட்டை கிடைக்குமா?

தனிச் சமையல் இருந்தால் கேட்கலாம். அதிகாரி வந்து பார்ப்பார். ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருக்க முடியாது. பழைய அட்டையில் நீக்கிய பிறகுதான் புதியதில் சேரும். ஆதார் இணைந்திருப்பதால் மறைக்கவும் முடியாது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம் போன்றவை முகவரிச் சான்றாக உதவும். சட்டப்படி வீட்டில் 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே அட்டையின் குடும்பத் தலைவர். படிவத்தில் அந்தக் கட்டத்தில் கணவர் பெயரை எழுதச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிக்கல் கணவனைப் பிரிந்து வந்த பெண்ணுக்குத்தான். அவள் பெயர் அவன் அட்டையில் இருக்கும். அவன் நீக்கித் தர மாட்டான். அவள் பங்கு அரிசியையும் அவனே வாங்கிக்கொண்டிருப்பான். பெயரை நீக்கக் கோரி வட்ட வழங்கல் அலுவலரிடம் அவளே நேரில் மனுக் கொடுத்து விசாரணை கேட்கலாம். தனியாக இருக்கும் ஒருவருக்கும் அட்டை உண்டு. நான் பார்த்தவரை, மிகக் கடுமையான பசி இந்த அட்டையில்லாத இடைவெளியில்தான் வருகிறது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறோம். இந்த அட்டைக்கு அங்கே அரிசி போடுவார்களா?

முன்னுரிமை அல்லது அந்த்யோதயா அட்டை என்றால் போடுவார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் சட்டப்படியான தானியம் மட்டும்தான். நம் மாநிலத்தின் பருப்பும் பாமாயிலும் எல்லையைத் தாண்டாது. என்.பி.எச்.எச். அட்டை என்றால் அங்கே எதுவுமே கிடையாது. மாநில அரசின் முடிவால் வரும் அரிசி என்று மேலே சொன்னேனே, அந்த வித்தியாசம் ஓசூர் தாண்டியதும் தெரிந்துவிடும்.

இதே விதிதான் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வரும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும். அவர்களுடைய சட்டப்படியான தானியத்தை நம் கடைகளில் வாங்கலாம். தமிழ்நாட்டுக்குள் ஊர் மாறினால் உங்கள் அட்டைக்கு எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது விதி. நடைமுறையில் "எங்கள் அட்டைக்காரர்களுக்கே சரக்கு இல்லை" என்பார்கள். நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் முகவரியை மாற்றிக்கொள்வதே மேல்.

சின்னவளுக்குப் பள்ளியில் காலையில் பொங்கல் கிடைக்கிறது. ஏழாவது படிக்கும் பெரியவனுக்கு ஏன் இல்லை?

காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரைக்கும் என்றே வகுக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு படிப்படியாக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. உங்கள் பையனுக்கும் முட்டையோடு அது உண்டு. பதினொரு வயதில் எலும்பு நீளத் தொடங்கும்போது காலைப் பசி குறைந்துவிடாது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் நிறுத்துவதற்கு நிதியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

விடுமுறையையும் கணக்கில் வையுங்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மே மாதம் என்றால் தினம் இரண்டு மதியச் சாப்பாடும் ஒரு காலைச் சாப்பாடும் கூடுதலாக வீட்டிலேயே ஆக வேண்டும். ரேஷன் அளவோ அதேதான். ஏப்ரலிலேயே கொஞ்சம் அரிசி ஒதுக்கி வைக்கும் தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்கன்வாடியில் எனக்கும் குழந்தைக்கும் தரும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிடுகிறார்கள். தப்பா?

தப்பு என்று உங்களைத் திட்டுவதில் பயனில்லை. பெரியவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னவனுக்கு மட்டும் மாவு உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாயாலும் முடியாது. ஆனால் அந்த மாவு கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், சின்னக் குழந்தைக்கும் என்று அளந்து கொடுப்பது. பிரித்தால் யாருக்கும் பயன்படாது. அங்கன்வாடியிலேயே இருந்து குழந்தையைச் சாப்பிடவைத்து அழைத்துவருவது ஒரு வழி.

கர்ப்பிணியாக இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பதிவு செய்யுங்கள். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. கிராமச் செவிலியரிடம் பதியலாம்.

மாதக் கடைசியில் அரிசி மட்டும்தான் இருக்கிறது. கையில் காசில்லை. வேறு என்ன வழி?

சென்னையிலும் மற்ற மாநகராட்சிகளிலும் அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது வைத்த இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்ற விலையை வைத்தே இன்றும் மக்கள் அதைச் சொல்கிறார்கள். சில அரசு மருத்துவமனை வளாகங்களிலும் உண்டு. கிராமத்தில் இது கிடையாது. அங்கே முருங்கைக்கீரையும் பக்கத்து வீடும்தான்.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். அந்த வாரத்தில் வீட்டில் யார் குறைத்துச் சாப்பிடுகிறார்கள்? உணவுப் பாதுகாப்பு பற்றிய ஆய்வுகளில், "பணமில்லாததால் ஒரு வேளையைத் தவிர்த்தீர்களா, வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா" என்றுதான் கேட்பார்கள். வீட்டு ஆண்களைக் கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்பார்கள். அதே வீட்டுப் பெண் "எனக்குக் காலையில் பசிக்காது, டீ போதும்" என்பார். இரண்டு பதிலையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வீட்டில் பசி இருப்பது தெரியும்.

ரேஷன் அரிசி எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறோம். சட்டப்படி குற்றமா?

குற்றம்தான். ரேஷன் அரிசி கடத்தல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வழக்காகும். அப்படி வாங்கும் அரிசிதான் மெருகேறி எல்லை தாண்டிப் போகிறது. ஊறவைத்து இட்லி, தோசைக்கு அரைத்தால் இந்த அரிசி நன்றாகவே வரும். பல வீடுகளில் அப்படித்தான் பயன்படுகிறது.

எல்லோரும் ஆடம்பரத்துக்காக விற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரிசியைக் கொடுத்து எண்ணெயும் பருப்பும் வாங்குகிற குடும்பங்கள் உண்டு. பருப்புக் கணக்கை மேலே பார்த்தோம் அல்லவா? அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகோ கூடுதல் பருப்போ கேட்டு வாங்க வழியிருந்தால் இந்த வியாபாரம் தானாகவே பாதி குறையும் என்பது என் எண்ணம்.

கார் வைத்திருப்பவனும் அரிசி வாங்குகிறான். அவனுக்கு நிறுத்திவிட்டு எங்களுக்குக் கூட்டிக் கொடுக்கலாமே?

கேட்க நியாயமாக இருக்கிறது. 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் அப்படித்தான் செய்தன, தமிழ்நாடு மறுத்தது. பிரித்த இடங்களில் கார் வைத்திருப்பவன் மட்டும் வெளியே போகவில்லை. கையில் சான்றிதழ் இல்லாத கூலிக்காரனும் வெளியே போனான். யார் ஏழை என்று முடிவு செய்யும் பேனா எப்போதும் ஏழையின் கையில் இருப்பதில்லை.

2017 ஜூலையில் வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல், குளிர்சாதனம், கார் என்றெல்லாம் விலக்கு நிபந்தனைகள் அரசிதழில் வந்ததும் ஊரே பதறியது. அவை முன்னுரிமைப் பட்டியலுக்கு மட்டும், கடையில் பொருள் வழங்குவது மாறாது என்று அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வசதியுள்ளவர் அரிசியை விட்டுக்கொடுக்கச் சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்ற வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் விட்டால் உங்கள் அளவு கூடும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

வாங்காத பருப்புக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. யாரிடம் சொல்வது? சொன்னால் கடைக்காரர் பகைத்துக்கொள்ள மாட்டாரா?

குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. முதலில் கடையிலேயே காட்டுங்கள். சில நேரம் பில் போட்ட பிறகு சரக்கு தீர்ந்திருக்கும், மறுநாள் தந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதியலாம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்டந்தோறும் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். அங்கே எழுத்தில் கொடுக்கலாம். எடைக் குறைவுக்கும் இதே வழிதான். அங்கும் தீராவிட்டால் மாவட்டக் குறைதீர் அலுவலர், அதற்கு மேல் மாநில உணவு ஆணையம்.

பகை என்ற பயம் பொய்யில்லை. மாதாமாதம் அதே கடைக்காரர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவருக்கும் மூட்டையில் எடை குறைந்து வருகிறது, சம்பளம் சொற்பம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதனால் தனியாகப் போகாதீர்கள். தெருவில் நாலைந்து பேருக்கு அதே குறுஞ்செய்தி வந்திருக்கும். எல்லோருடைய அட்டை எண்ணும் தேதியும் எழுதி ஒரே மனுவாகக் கொடுத்தால் கடைக்காரர் யாரையும் தனியாகக் குறிவைக்க முடியாது. மனுவின் நகலில் முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.